இலை விளிம்பின் வகைகளும் பிரமதண்டுக் களையும்

ஒரு செடியை இன்னதென்று துணிவதற்குப் பூவும் காயும் சிறந்த அடையாளங்களாம். ஆயினும் களையானது பூத்துக் காய்த்த பின்னர் அதனை அறிவதால் குடியானவருக்கு உண்டாகும் பயன் சொற்பமே. இளம் பருவத்திலேயே கண்ணுக்குப் புலப்படுவது இலை. அவ்விலையிலும் எளிதில் வேற்றுமை காட்டுவது அதன் விளிம்பு. ஆகையால் தாவர நூலார் வகுத்துள்ள விளிம்பு வகைகளை நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம். அவை வருமாறு:

1. முழு விளிம்பு: வெட்டும் பல்லும் இன்றி ஒரே கோடாய்ச் செல்வது. உதாரணம்: ஆல், புங்கு, நிலக்கடலை.

2. அலை விளிம்பு: மேலும் கீழுமாய் நெளிந்திருப்பது. உதாரணம்: நெட்டிலிங்கம்.

3. இரம்ப விளிம்பு: கூரிய பற்கள் இலை நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பது. உதாரணம்: வேம்பு, முசுக்கட்டை.

4. நேர்ப்பல் விளிம்பு: பற்கள் ஒருபுறமும் சாயாது வெளிநோக்கி நிற்பது. உதாரணம்: அல்லி.

5. வட்டப்பல் விளிம்பு: பற்கள் கூர்மையின்றி உருண்டிருப்பது. உதாரணம்: வல்லாரை.

6. மடல் விளிம்பு: விளிம்பு உள்நோக்கி ஆழ வெட்டுண்டு இலை பல மடல்களாய்ப் பிரிந்திருப்பது. உதாரணம்: பருத்தி, ஆமணக்கு.

7. முள் விளிம்பு: பற்களின் நுனி முள்ளாய் முடிவது. உதாரணம்: கற்றாழை, பிரமதண்டு.

ஒரே இலையில் இருவகை சேர்ந்திருத்தலும் உண்டு. ஆமணக்கின் மடல்களுடைய ஓரத்தில் இரம்பப் பற்களைக் காணலாம்.

இவ்வறிவு இன்றியமையாததாகும் இடம் ஒன்றுண்டு. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தை அடுத்த ஏரியூர் போன்ற புன்செய்ப் பகுதிகளில் கடுகு விதைப்போர் பிரமதண்டைக் குறித்து எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இக்களை தரிசிலும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானே முளைப்பது. இதன் பூவும் கடுகின் பூவைப் போல மஞ்சள் நிறம். விதையும் கடுகைப் போலக் கருநிறமாய் உருண்டிருக்கும். அளவிலும் ஏறக்குறைய ஒத்திருப்பதால் அறுவடைக்குப்பின் சல்லடையால் முற்றும் பிரித்தல் அரிது.

பிரமதண்டு விதையின் எண்ணெயில் சாங்குயினரின் என்னும் நஞ்சு உளது. அது கலந்த எண்ணெயை உண்டவருக்குக் கால்கள் வீங்கும், மூச்சுத் திணறும், இருதயம் பலவீனப்படும், சிலருக்குக் கண்ணோயும் உண்டாகும். 1998-ஆம் ஆண்டு டில்லியில் இவ்வெண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆதலின் வயலிலேயே இதனைப் பிரித்தறிதல் வேண்டும். கடுகின் அடியிலைகள் காம்புடையன. அவற்றின் விளிம்பு மடலும் பல்லுமாய் இருப்பினும் முள் இராது. பிரமதண்டின் இலையோ காம்பின்றித் தண்டைத் தழுவி நிற்கும். மடல்களின் விளிம்பெங்கும் கூரிய முட்கள் இருக்கும். நரம்புகளை ஒட்டி வெண்மை படர்ந்திருக்கும். ஐயமுண்டாயின் இலையைக் கிள்ளிப் பார்த்தால் மஞ்சள் நிறப் பால் வடியும்.

இச்செடியைப் பூக்குமுன் வேரோடு களைதல் வேண்டும். முட்கள் குத்துமாதலால் கையில் தடித்த சாக்குத் துணி சுற்றிக்கொள்வது நன்று. காய் முற்றிய செடிகளை எருக்குழியில் இடலாகாது. இடின் விதைகள் எருவோடு மீண்டும் வயலுக்கே திரும்பும். விதைக் கடுகை நம்பத்தக்க இடத்தில் வாங்குதல் அவசியம். புறம்போக்கிலும் வாய்க்கால் கரைகளிலும் உள்ள செடிகளைக் கிராம அலுவலர்கள் உரிய காலத்தில் அகற்றச் செய்வார்களாயின், அக்கம்பக்கத்து வயல்களுக்கு விதை பரவுவது பெரிதும் குறையும்.