செய்யாற்றுச் செய்தி எந்தப் பதிப்பில் வரும்?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்கள் காலையில் கையில் எடுக்கும் நாளிதழ் சென்னையில் அச்சாகி வருகிறது. இரவோடு இரவாக வேனில் ஏற்றிய பண்டல்கள் விடிவதற்குள் ஊர் ஊராக இறங்கிவிடும். ஏஜென்ட் கட்டை அறுத்து, இணைப்பைச் செருகி, தெருவுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்க, பையன்கள் சைக்கிளில் கிளம்புவார்கள். பெட்டிக்கடைத் தட்டியில் அன்றைய தலைப்பு தொங்கும். டீக்கடைக்குப் போன பிரதி சற்று நேரத்தில் தனித்தனித் தாளாகப் பிரிந்து நாலு பேர் கைக்குப் போய்விடும். அதில் மாவட்டச் செய்திப் பக்கம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமிருந்து அதை வாங்குவதுதான் சிரமம்.

அந்தப் பக்கம்தான் இந்த ஊருக்கு உண்மையான நாளிதழ். டெல்லிச் செய்தியை டிவியில் கேட்டுக்கொள்ளலாம். நாளைக்கு எந்தெந்தக் கிராமத்தில் மின்தடை, நெல் கொள்முதல் நிலையம் எப்போது திறக்கிறார்கள், ஜமாபந்தி என்றைக்கு, எந்த ஏரி நிரம்பியது, எந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்பதையெல்லாம் இந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ் நாளிதழ்கள் தொடக்கத்திலேயே இப்படிச் சிற்றூரைப் பார்த்துத் திரும்பியவை அல்ல. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கி 1899-இல் நாளிதழாக்கிய சுதேசமித்திரனும், 1934-இல் பாரதி நினைவு நாளில் வெளிவந்த தினமணியும் சென்னையில் பிறந்தவை. நாட்டு விடுதலையைப் பேசியவை. அவற்றின் பெருமை பெரிது. ஆனால் மேல வீதியில் நடந்த விபத்துக்கு அவற்றில் இடம் குறைவு.

அந்த இடத்தை உண்டாக்கியவர் சி.பா. ஆதித்தனார். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, சிங்கப்பூரில் வழக்கறிஞர் தொழில் என்றிருந்தவர், 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம். அச்சுக் காகிதம் கிடைக்கவில்லை. வைக்கோலை ஊறவைத்துக் கூழாக்கி, கையாலேயே காகிதம் செய்து அதில் அச்சடித்தார்கள். சாமானியர் பேசும் தமிழில் கொச்சையை மட்டும் நீக்கிவிட்டு எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. கோர்ட் வழக்கு, கிணற்றில் விழுந்த குழந்தை, திருட்டு, தீ விபத்து எல்லாம் ஊர்ப் பெயரோடு வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் பேப்பர் வாங்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. தமிழ் நாட்டில் வாசிப்பைப் பரப்பியதில் அந்த முடிவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நிகரான பங்கு உண்டு.

தினமலரின் பிறப்பும் ஒரு வட்டாரத்தின் தேவையிலிருந்து வந்ததுதான். டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6 அன்று அதைத் திருவனந்தபுரத்தில் தொடங்கினார். அப்போது கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற அங்கிருந்த தமிழர்களின் கோரிக்கைக்கு அது குரல் கொடுத்தது. 1956-இல் இணைப்பு நடந்தது. மறு ஆண்டு பத்திரிகை திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது.

தலைநகருக்கு வெளியே நாளிதழ் நடத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யாழ்ப்பாணத்தைப் போல உணர்ந்த ஊர் வேறில்லை. 1959-இல் அங்கே தொடங்கப்பட்ட ஈழநாடு, கொழும்புப் பத்திரிகைகள் கண்டுகொள்ளாத வடபகுதிச் செய்திகளைச் சுமந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ் நூலகம் எரிக்கப்பட்ட அதே வன்முறையில் அதன் அலுவலகமும் எரிக்கப்பட்டது. பின்னால் வந்த உதயன், பொருளாதாரத் தடைக் காலத்தில் பள்ளிக் கொப்பித் தாளில்கூட அச்சானது. 2006 மே 2 அன்று ஆயுததாரிகள் உள்ளே புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போதும் பத்திரிகை நின்றுவிடவில்லை.

சட்டமும் உள்ளூர் நாளிதழை ஒரு சாட்சியாக வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, முதல்நிலை அறிவிப்பு அந்த வட்டாரத்தில் புழங்கும் இரண்டு நாளிதழ்களில் வெளியாக வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். நிலம் கேட்கப்படும் ஊர்களில் இது ஏட்டளவுச் சட்டமாக இல்லை. பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பில் தன் சர்வே எண் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடும் விவசாயிக்கு, அன்றைய முதல் பக்கத்தைவிட அதுதான் பெரிய செய்தி.

பொதுவில் எழுதிவைத்தால்தான் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு உத்திரமேரூரிலேயே சான்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் யார் பெயரை இடலாம், யார் பெயரை இடக்கூடாது என்று வரிசையாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினர்களுக்கும் இல்லை. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம்.

ஏரி என்றதும் மாவட்டப் பக்கத்தின் பெரிய குறையும் நினைவுக்கு வருகிறது. வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர்பெற்ற உத்திரமேரூர் ஏரிக்குத் தண்ணீர் தருவது செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து, திருவண்ணாமலை மாவட்டம் வழியாக ஓடிவந்து, அனுமந்தண்டலம் அணைக்கட்டைத் தாண்டி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. ஆற்றின் மேற்பகுதி வேறு மாவட்டம் என்பதால், அங்கே பெய்த மழை வேலூர்ப் பதிப்புக்குப் போய்விடுகிறது. அருகிலுள்ள வந்தவாசியின் செய்தியும் அப்படித்தான். பதிப்புகளைப் பெருக்கியதில் ஒவ்வொரு ஊரின் பெயரும் அச்சேறியது நல்ல காரியம். பக்கத்து ஊரின் பெயர் கண்ணில் படாமல் போனது நஷ்டம். தெலுங்கில் ஈநாடு 1989-இல் மாவட்டத்துக்கு ஒரு சிறு நாளிதழை இணைப்பாகக் கொடுக்கத் தொடங்கியபோதும் இதே லாபமும் நஷ்டமும்தான் கைகோத்து வந்தன.

இந்தப் பக்கத்தை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் பகுதிநேர நிருபர்கள். தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி என்று பைக்கில் சுற்றி, போனிலேயே செய்தியைத் தட்டி அனுப்புகிறார்கள். பல இடங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் தொகை பெட்ரோலுக்கே காணாது. விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன் உண்டு. விளம்பரம் தரும் ஊர்ப் பிரமுகரைப் பற்றியே மறுநாள் எழுத வேண்டி வந்தால் அந்த நிருபர் என்ன செய்வார்? இது தனிமனிதர்களின் நேர்மையை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல. சரியான சம்பளம் கொடுக்காத நிர்வாகம்தான் அவர்களை அந்த நெருக்கடியில் நிறுத்துகிறது.

இப்போது ஏரி உடைந்தது என்ற வாட்ஸ்அப் தகவல் பேப்பர் வருவதற்கு முன்பே ஊரெல்லாம் பரவிவிடுகிறது. அது உண்மையா, போன வருஷத்து வீடியோவா என்று கரைக்கே போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு நிருபர் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களிலாவது, செய்யாற்றின் மேற்பகுதி மழையளவையும் நீர்வரத்தையும் வேலூர்ப் பதிப்பிலிருந்து எடுத்துக் காஞ்சிபுரம் பக்கத்தில் போடலாம். அதற்குப் புதிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. ஒரு பதிப்பின் மேசையிலிருந்து இன்னொரு பதிப்பின் மேசைக்கு தினமும் மாலையில் ஒரு போன் செய்தால் போதும்.