சிற்றூர்க் கழகத்தின் பெருந்துணை

இங்கிலாந்தின் வடகிழக்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த டர்ஹாம் மாவட்டத்துச் சிற்றூர் பிஷப் ஆக்லண்ட். 1886-இல் அங்கே தோன்றிய காற்பந்துக் கழகம் பெருங்கழகங்களின் லீக்கில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை. அன்று அதன் ஆட்டக்காரர்களுக்கு ஊதியமும் இல்லை. ஆயினும், ஊதியம் பெறாதோர்க்குரிய அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்றது. 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றது.

1958 பிப்ரவரி 6-ஆம் நாள் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் எட்டு ஆட்டக்காரர்களை இழந்தது. ஆளின்றித் தவித்த அக்கழகத்திற்கு ஆக்லண்டின் ஹார்டிஸ்டி, லெவின், பிராட்லி ஆகிய மூவர் சென்று கைகொடுத்தனர். ஆசிரியத் தொழில் புரிந்த பிராட்லி, 1959-இல் இங்கிலாந்து நாட்டு அணியிலேயே ஆடினார். பல்லாண்டு கழித்து ஆக்லண்ட் கழகம் பணமுடையில் சிக்கியபோது, யுனைட்டெட் நட்பாட்டம் ஆடி நிதி திரட்டித் தந்தது.

சங்கம் சிறிதாயினும், உற்ற வேளையில் உதவுவதே அதற்குப் பெருமையன்றோ!