பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை

வேலூர் – போளூர் சாலையில் சந்தவாசலில் நின்று பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். மலையில் விளையும் சாமையில், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் கிடையாது. அடிவாரத்து அரிசிச் சோற்றிலும் கிடையாது. கடைத்தெருப் புரோட்டாவில் தாராளமாக உண்டு.

பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சீலியாக் நோயாளிக்கு மட்டும், உடலின் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் குளூட்டனைப் பகையாளி என்று எண்ணிக் கிளம்புகின்றன. அந்தச் சண்டையில் சிறுகுடலின் உட்சுவர் சிதைகிறது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எனப் பாதிப்புகள் தொடரும். இப்போதைக்கு வழி, ஆயுள் முழுக்கப் பத்தியம்தான். சொல்வது சுலபம், சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலேயே பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது.

நம் பக்கம் இந்த நோய் அபூர்வம். வேலூர் சி.எம்.சி.யில் பல ஆண்டுகள் குடல்நோய்களை ஆராய்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு, நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேர், தெற்கே 0.11. இத்தனைக்கும் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். கிட்டத்தட்ட சமம்தான். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். ராத்திரிக்குச் சப்பாத்தி பழகிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

பத்தியத்துக்கு மாற்றாக ஒரு நுண்துகளைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லர் குழுவின் ஆய்வில் பிறந்தது. தானாகக் கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பி.எல்.ஜி.ஏ. என்ற பொருளில் துகள் செய்து, குளூட்டனின் பகுதியான கிளையடினை உள்ளே அடைத்து, ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். மண்ணீரலிலும் கல்லீரலிலும் செத்த செல்களை அள்ளும் துப்புரவுச் செல்கள் அதையும் குப்பையென்றே விழுங்குகின்றன. பிறகு, அபாயச் சமிக்ஞை எதுவும் இல்லாமல் கிளையடினை டி செல்களிடம் காட்டுகின்றன. தாக்கும் செல்கள் அடங்க, அடக்கி ஆளும் டி செல்கள் தலையெடுக்கின்றன. அந்த அடக்கும் செல்களை 1995-இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சி, 2025-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டாக்-101 என்ற இந்த மருந்தின் சோதனை முடிவு 2021-இல் வெளிவந்தது. நோயாளிகளுக்கு இரண்டு தவணை ஏற்றிவிட்டு, 14 நாள் குளூட்டன் கொடுத்தார்கள். டி செல்களின் எதிர்வினை, வெற்று மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட 88 சதவீதம் குறைந்தது. குடல் சிதைவும் குறைவாகவே தெரிந்தது. ஆனால் சின்னச் சோதனை என்பதால் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. மருந்து வந்துவிட்டது என்று கொண்டாட இது போதாது.

சீலியாக்கில் ஒரு வசதி: குற்றவாளிப் புரதம் எதுவென்று தெரியும். உடல் தன் சொந்தப் புரதங்கள் பலவற்றையும் தாக்கும் லூபஸ் போன்ற நோயில், துகளுக்குள் எதை அடைப்பது என்பதே முதல் சிக்கல்.