கடலடிப் படமும் விளக்கும்



கடலடியிற் படம் பிடிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர்.

அண்மையில் வெள்ளவத்தையில் என் பழைய மாணவர் ஒருவர், தம் சிறு கமராவால் கடலடியில் எடுத்த படங்களைக் காட்டினார். செந்நிற மீன் சாம்பல் நிறமாய் இருந்தது. எங்கும் பொரி தூவினாற்போல் வெண்புள்ளிகள். சேமித்த பணத்தில் பெரிய விளக்குகள் இரண்டு வாங்கலாமா என வினவினார்.

காரணத்தை முதலில் அறிவோம். கடல்நீர் செவ்வொளியையே முதலில் உறிஞ்சுகிறது. ஏறத்தாழ 5 மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். ஆதலால் விளக்கு வேண்டும். ஆனால், வில்லையை ஒட்டிய விளக்கின் ஒளி, நீரிலுள்ள துகள்களிற் பட்டு நேரே திரும்புகிறது. மழையிரவில் காலி வீதியில் வாகன விளக்கின் முன் துளிகள் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள், அதுவே இது.

ஆகவே, ஸ்ட்ரோப் என்னும் சிறிய தனி விளக்கு ஒன்றும், அதைத் தாங்கும் நீண்ட மடக்குக் கையும் தொடக்கத்துக்குப் போதும். கமராவின் சொந்த பிளாஷ், ஒளியிழை வழியாக அதனை இயக்கும். நீர்புகா உறையில் அவ்விழையைப் பொருத்த இடமுண்டா என்பதை வாங்குமுன் பார்த்தல் வேண்டும். பின்னர் விளக்கைப் பக்கவாட்டில் விலக்கி, சற்றே வெளிப்புறம் திருப்பி, பவளத்தைத் தீண்டாமல் ஒரு மீற்றருக்குள் நெருங்குக.

விளக்கின் வலிமையினும் அது நிற்கும் இடமே பெரிது.