மேளச்சமாவும் ரொக் மேடையும்: ஓர் இரவைப் பதிவு செய்தல்

இசைக்குழு ஒன்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அமர்ந்து, பிழை நேர்ந்த இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துத் திருத்தி வெளியிடும் இசைத்தட்டு ஒருவகையென்றால், சனம் திரண்ட மேடையில் ஒரேயொரு முறை நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே பிடித்து வெளியிடும் மேடைப்பதிவு இன்னொரு வகை. இரண்டாவது வகையைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது ஹார்ட் ரொக் இசை. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருப்பெற்ற இவ்விசை, மின்கிற்றாரின் நாதத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, டிரம்ஸ் எனப்படும் கொட்டுக்கருவித் தொகுதியின் அதிர்வை முன்னிறுத்தி, கேட்பவரின் காதோடு நில்லாமல் நெஞ்சுக்கூட்டையும் அதிரவைக்கும் உரத்த ஒலியைத் தன் இயல்பாகக் கொண்டது. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலும் அதனைச் சூழ்ந்த மாவிட்டபுரம், தெல்லிப்பழை, அளவெட்டி ஆகிய ஊர்களிலும் கோயில் வீதியில் விடிய விடிய நாகசுர, தவில் கச்சேரியான மேளச்சமா கேட்டுப் பழகிய ஒருவருக்கு இவ்வியல்பு புதியதாகத் தோன்றாது. திறந்தவெளி, உரத்த நாதம், கொட்டுக்கருவிக்கென்றே ஒதுக்கப்படும் நீண்ட நேரம், வாசிப்பவரை மேலும் உந்திச் செல்லும் சனம் ஆகிய யாவும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆயினும் ரொக் இசை தன் இரவுகளைப் பேணிக்கொண்ட விதத்துக்கும், யாழ்ப்பாணம் தன் இரவுகளைப் பேணிய விதத்துக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது.

ரொக் உலகின் மேடைப்பதிவுகளுள் முன்மாதிரியாகக் கருதப்படுவது, 1968இல் தொடங்கப்பட்ட டீப் பர்ப்பிள் என்னும் ஆங்கிலக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' ஆகும். 1972 ஓகஸ்ட் 15, 16 ஆகிய இரு நாட்களில் ஒசாக்காவிலும் 17ஆம் நாள் தோக்கியோவின் புதோக்கான் அரங்கிலும் நிகழ்ந்த மூன்று கச்சேரிகளிலிருந்து ஏழு உருப்படிகளைத் தெரிந்தெடுத்து இரட்டை இசைத்தட்டாக அது வெளியிடப்பட்டது. ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனமே பதிவை விரும்பிக் கேட்டது; குழுவினருக்குத் தொடக்கத்தில் அதில் ஆர்வம் இருக்கவில்லை. இறுதியில் உடன்பட்டபோது, தங்களின் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்சே பதிவு செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றனர். எட்டுத்தட ஒலிநாடாவில் பதிவு நிகழ்ந்தது. ஒரே நாடாவின் அகலத்தை எட்டுக் கோடுகளாகப் பகுத்து, குரல், கிற்றார், ஓர்கன், டிரம்ஸ் ஆகியவற்றை வெவ்வேறு கோடுகளில் ஏற்றிவைத்து, எது எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதைப் பின்னர் ஆறுதலாகத் தீர்மானிக்க உதவும் முறை இது. பதிவு முடிந்தபின் கூடத்தில் வாசித்து ஒட்டிச் சேர்த்தது எதுவும் அதில் இல்லை. டிரம்ஸ் கலைஞர் இயன் பெய்ஸ் நெடுநேரம் தனித்து வாசிக்கும் உருப்படி ஒன்றும், ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டு தட்டின் ஒரு பக்கத்தை முழுமையாக நிரப்பும் உருப்படி ஒன்றும் அதில் உள்ளன. கூடத்தில் நான்கைந்து நிமிடங்களில் முடிந்துபோன பாட்டு மேடையில் எவ்வாறு விரிந்தது என்பதைக் கேட்பவர் அங்கே அறிகிறார்.

அதே மார்ட்டின் பிர்ச் பின்னாளில் அயர்ன் மெய்டன் என்னும் குழுவின் இசைத்தட்டுகளைத் தயாரித்தார். 1975இல் இலண்டனில் தோன்றிய அக்குழு, முப்பது ஆண்டுகளைக் கடந்தபின் 2008 பெப்ரவரி 1ஆம் நாள் மும்பையில் ஓர் உலகப் பயணத்தைத் தொடங்கியது. குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் பயிற்சிபெற்ற விமானியும் ஆவார். கலைஞரும் பணியாளரும் மேடைக்கருவிகளும் ஒருசேரப் பயணித்த போயிங் 757 விமானத்தை அவரே ஓட்டினார். 45 நாட்களில் 23 கச்சேரிகள் நடந்த அப்பயணத்தைக் கனடியர்களான சாம் டன், ஸ்கொட் மக்ஃபேடியன் இருவரும் படமாக்க, 2009இல் 'ஃபிளைட் 666' என்ற பெயரில் ஆவணப்படமும் இசைத்தொகுப்பும் வெளிவந்தன. அத்தொகுப்பில் ஒவ்வொரு பாட்டும் வெவ்வேறு நகரத்திலிருந்து எடுக்கப்பட்டுள்ளது. முதற்பாட்டு மும்பை மைதானத்தில் பதிவானது. குழு எல்லா நகரங்களிலும் ஒன்றே எனினும், நகரத்துக்கு நகரம் மாறும் சனத்தின் ஆரவாரமும், பாட்டின் ஓரடியைக் கூட்டம் தானே ஏற்றுப் பாடும் விதமும் அத்தொகுப்பின் உண்மையான உள்ளடக்கமாகின்றன. மேடைப்பதிவில் கேட்பவரும் ஒரு வாத்தியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தொகுப்பு அரிது.

இனி மேளச்சமாவுக்கு வரலாம். யாழ்ப்பாணக் கோயில்களில் பூசைக்குரிய கிரமமான வாசிப்பு ஒருபுறமிருக்க, திருவிழா இரவுகளில் இரசிகர்களுக்கென்றே நாகசுரமும் தவிலும் கச்சேரியாக அமைவதை மேளச்சமா என்பர். ஒவ்வொரு நாள் திருவிழாவையும் பொறுப்பேற்று நடத்தும் உபயகாரர், தம் திருவிழா மற்றவரின் திருவிழாவை விஞ்ச வேண்டும் என்ற வேட்கையோடு, செட்டுகள் எனப்படும் உள்ளூர்க் குழுக்களோடு தமிழகத்திலிருந்தும் வித்துவான்களை வரவழைத்தனர். காங்கேயன் எனப்படும் முருகனின் திருவுருவம் வந்திறங்கியதாலேயே அப்பெயரைத் துறை பெற்றது என்று தலவரலாறு கூறும் காங்கேசன்துறைக்கு, அத்திருவுருவம் அமர்ந்த மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் அண்மையில் உள்ளது. ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் அக்கோயிலின் பெருந்திருவிழா, இவ்வட்டாரத்து இசைவாழ்வின் அச்சாணிகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

தவில் என்ற கருவியைச் சற்று அருகே வைத்துப் பார்ப்பது, பதிவின் சிக்கலை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும். பலாமரத்தைக் குடைந்து செய்த பீப்பாய் போன்ற உடலின் இரு வாய்களிலும் தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வலந்தலை எனப்படும் பக்கத்தை விரல்களாலும், தொப்பி எனப்படும் மறுபக்கத்தைக் குறுந்தடியாலும் வாசிப்பர். விரல்களில் கூடுகள் மாட்டப்படும். மாப்பசையில் தோய்த்த துணியைச் சுற்றிக் காயவைத்துக் கல்லைப்போல் இறுகச்செய்தவை மரபான கூடுகள். தோலின் மேல் அக்கூடு படும் கணத்தில் எழும் ஒலி, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பகுதிக்குள் உச்சத்தைத் தொட்டு உடனே தணிந்துவிடுகிறது. அந்த உச்சம் ஒலிவாங்கியின் கொள்ளளவைக் கடக்குமானால் அலையின் முடி வெட்டுண்டு, பதிவில் வெறும் வெடிப்புச் சத்தமே எஞ்சும். அதற்கு அஞ்சி அளவைக் குறைத்தாலோ, நாகசுரத்தின் நுண்ணிய கமகங்கள் நாடாவின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். எட்டுத்தடக் கருவி இந்த இக்கட்டைத் தனித்தனிக் கோடுகளால் தீர்த்துவைத்தது. கோயில் வீதியில் ஒற்றை ஒலிவாங்கியோடு நின்ற இரசிகருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இக்கருவியை ஈழத்தில் அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றவராக மதிக்கப்படுபவர், அளவெட்டியில் வாழ்ந்த வி. தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல் தம் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்த அவர், யாழ்ப்பாணத்து நாகசுரக் கலைஞர்களோடு மட்டுமன்றித் தமிழகத்தின் முன்னணி வித்துவான்களோடும் வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்ற எண்ணிக்கையில் அட்சரங்கள் நடக்கும் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் ஆகிய ஐந்து நடைகளையும் ஒரே தாளத்துக்குள் மாற்றி மாற்றிப் பின்னி, முடிவில் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து பொருந்தும்படி தனி ஆவர்த்தனம் வாசிப்பது தவிற்கலையின் உயர்ந்த சோதனை. கையால் தாளம் போட்டபடி அமர்ந்திருக்கும் சனத்தின் கணக்கும் வாசிப்பவரின் கணக்கும் அந்தப் புள்ளியில் சந்திக்கும்போது எழும் ஆரவாரத்தை, எஞ்சியுள்ள பழைய நாடாப் பதிவுகளில் இன்றும் கேட்கலாம். இரைச்சலும் முறிவும் மலிந்த அப்பதிவுகளில் தெட்சணாமூர்த்தியின் கைவேகத்தைக் காட்டிலும் வியப்பளிப்பது அவருடைய நிதானம். வேகத்தின் நடுவிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே, கோத்த மணிபோல் விழுகிறது. டீப் பர்ப்பிள் ஜப்பானில் பதிவான 1972ஆம் ஆண்டில் அவர் அளவெட்டியில் உயிரோடு இருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கையில், எட்டுத்தட நாடாக் கருவி ஒன்று ஒரே ஓர் இரவுக்கேனும் மாவிட்டபுரத்துக்கோ அளவெட்டிக்கோ வந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எழாமல் இராது.

காங்கேசன்துறையின் சொந்த மேடைச்செல்வமும் இதே கேள்விக்கு உரியது. நடிகமணி வி.வி. வைரமுத்து (1924-1989) இவ்வூரவர். வசனத்தைவிடப் பாட்டாலேயே கதையை நடத்திச்செல்லும் இசைநாடகத்தில் அவருக்கு ஒப்பாக ஈழத்தில் வேறொருவரை எளிதில் சொல்ல முடியாது. சுடலை காக்கும் அரிச்சந்திரனாக 'மயான காண்டம்' என்ற நாடகத்தில் அவர் மேடையேறிய இரவுகள் ஊரூராகப் பேசப்பட்டன. ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் ஒலிக்க, எடுப்பான சுருதியில் நின்று பாடும் அக்கலையில் கதை எல்லோருக்கும் முன்பே தெரிந்தது, பாட்டும் தெரிந்ததே. இன்றைய இரவில் எந்த அடியை எவ்வளவு நேரம் இழைப்பார், எந்த இராகத்தில் எவ்விடத்தில் நிற்பார் என்பதை அறியவே சனம் மறுபடியும் மறுபடியும் சென்றது. தெரிந்த பாட்டை மேடைப்பதிவில் மீண்டும் வாங்கிக் கேட்கும் ரொக் இரசிகரின் மனநிலையும் இதுவே. வைரமுத்துவின் குரல் பதிவுகளாக ஓரளவு கிடைக்கிறது. ஆனால் ஒரு முழு இரவு, அதன் தொடக்கத்திலிருந்து விடியல்வரை, நடிப்போடும் சனத்தோடும் கிடைப்பதற்கும் குரல் மட்டும் கிடைப்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

பதிவானவையும் பாதுகாப்பாக இருக்கவில்லை. ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்ரிக் பட்டியின் மேல் இரும்பு ஒட்சைட்டுத் துகள்களைப் பசையால் ஒட்டிவைத்த பொருள். 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட பல நாடாக்களில் அப்பசை ஈரப்பதத்தை உறிஞ்சி இளகிவிடுகிறது. பின்னர் நாடாவை ஓட்டும்போது துகள்கள் உரிந்து கருவியின் தலையில் அப்பிக்கொள்ள, இசையும் அவற்றோடு உரிந்துபோகிறது. உப்புக்காற்று ஓயாத கடற்கரை ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இயற்கையின் இந்த அழிவோடு போரின் அழிவும் சேர்ந்தது. 1990இல் காங்கேசன்துறையையும் அயலூர்களையும் விட்டு மக்கள் வெளியேற நேர்ந்து, வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகிப் பல்லாண்டுகள் மூடப்பட்டுக் கிடந்தபோது, கையில் அகப்பட்ட உடுபுடைவையோடும் குழந்தைகளோடும் ஓடியவர்கள் நாடாப் பெட்டிகளை நினைத்திருக்க வாய்ப்பில்லை. இன்று இணையத்தில் உலவும் பதிவுகளுள் ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் அவற்றைப் பெட்டியில் வைத்து வீடு மாறி, நாடு மாறிக் காப்பாற்றியதன் பயனாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

அவ்வாறு தப்பியவற்றுக்கு மதிப்பளித்த முயற்சியாக, தமிழக இயக்குநர் அம்ஷன் குமார் 2015இல் தெட்சணாமூர்த்தி பற்றி எடுத்த ஆவணப்படத்தைக் குறிப்பிட வேண்டும். இந்தியாவின் 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் கலை, பண்பாட்டுப் பிரிவின் சிறந்த படமாக அது தெரிவானது. மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு தவிற்கலைஞருக்குக் கிடைத்த இப்பெருமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அயர்ன் மெய்டன் குழுவுக்குக் கலைஞர் வாழும்போதே, அவர்கள் மேடையில் நிற்கும்போதே படம் கிடைத்தது. கலைஞர் மறைந்தபின் எடுக்கப்படும் படம் அவரைப் பற்றிப் பேசலாம். அவர் வாசித்த இரவைப் புதிதாகப் பிடித்துத் தர அதனால் இயலாது.

இப்பொழுது நிலைமை மாறிவிட்டதாகத் தோன்றலாம். 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு மீண்டும் ரயில் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. நாகசுரமும் தவிலும் செழித்த காவிரிப் படுகைக்கும் இந்தத் துறைக்கும் இடையில் நேர்வழி மீண்டும் திறந்தது. மேளச்சமா நடக்கும் இடங்களில் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் உயர்கின்றன. ஆனால் கைப்பேசி, பேச்சைத் தெளிவாகப் பிடிப்பதற்காகவே பழக்கப்பட்ட கருவி. ஒலி திடீரென உயர்ந்தால் முழுப் பதிவின் அளவையும் அது தானாகவே தாழ்த்திவிடும். எனவே தவிலில் ஒரு பலத்த அடி விழுந்தவுடன் நாகசுரம் பின்வாங்கி ஒடுங்குகிறது. அடி ஓய்ந்ததும் அது மெல்ல மேலெழுகிறது. கலைஞர் கேட்கவைக்க விரும்பிய ஏற்றவிறக்கம் ஒன்றாகவும், பதிவில் கேட்பது வேறொன்றாகவும் ஆகிவிடுகின்றன.

இதற்கு வேண்டிய கருவி இன்று பெருஞ்செலவு கோருவதன்று. நான்கு தடங்களில் பதிவு செய்யும் கையடக்கக் கருவி ஒன்று, ஒரு நாள் திருவிழாவின் மின்விளக்கு அலங்காரச் செலவோடு ஒப்பிடத்தக்க தொகைக்குள் அடங்கும். ஒரு கோயிலின் உபயகாரர், ஓர் இரவுக்கு மட்டும், அளவுகளைக் கச்சேரிக்கு முன்பே கலைஞரை வாசிக்கச்செய்து சரிபார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தால் போதும். ஓர் ஒலிவாங்கி நாகசுரத்தின் அணசு எனப்படும் விரிந்த முனையிலிருந்து சற்று விலகியும், ஒன்று தவிலின் வலந்தலைப் பக்கமும், ஒன்று தொப்பிப் பக்கமும் நிற்கட்டும். நான்காவதை மேடைக்கு முதுகுகாட்டி, வீதியில் மணல்மேல் அமர்ந்து தாளம் போடும் சனத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும்.