நெடுக்கே ஓடும் ரயில், குறுக்கே போகும் ஊர்

சென்னையின் தென்புறநகர் ஒரு தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்த பகுதியாகும். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்கள் அந்தப் பாதையையும் அதற்கு இணையாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையையும் ஒட்டி முதலில் நிரம்பின. நிலத்தின் விலை ஏற ஏற, குடியிருப்புகள் கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் எனவும் மேற்கே பம்மல், அனகாபுத்தூர், முடிச்சூர் எனவும் விலகிப் பரவின. இந்தப் பரப்பின் பெரும்பகுதியைச் சேர்த்து, அதாவது ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. இன்று அங்கே காலையிலும் மாலையிலும் சாலைகள் திணறுவதற்கு வாகனப் பெருக்கம் ஒரு காரணம்தான். அதைவிட ஆழமான காரணம், மக்கள் போகும் திசை மாறிவிட்டதும் போக்குவரத்து வசதிகளின் திசை மாறாததும் ஆகும்.

முன்பு இப்பகுதியினர் வேலைக்காகக் கிண்டிக்கும் பாரிமுனைக்கும் சென்றனர். ரயிலும் 21ஜி போன்ற பேருந்துகளும் அந்த வடக்கு நோக்கிய நெடுக்குப் பயணத்துக்கு ஏற்றவையாக இருந்தன. தரமணியில் 2000-இல் டைடல் பார்க் திறக்கப்பட்டு, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் குடியேறிய பிறகு, தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கும் பெருங்குடிக்கும் கிழக்கு நோக்கிச் செல்லும் குறுக்குப் பயணம் பெருகியது. அந்தத் திசையில் ரயில் இல்லை. உள்ளவை வேளச்சேரி – தாம்பரம் சாலை, வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை போன்ற சில சாலைகளே. தண்டவாளத்துக்கு மேற்கே வசிப்பவர்களுக்கு அந்தச் சாலைகளை எட்டுவதற்கே ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். கடப்பதற்குக் கிடைக்கும் மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் ரயில்வே கேட்டுகளும் எண்ணிக்கையில் சொற்பம் என்பதால், ஒரு பெரும் பரப்பின் குறுக்குப் பயணம் முழுவதும் அந்தச் சில வாயில்களில் வந்து அடைத்துக்கொள்கிறது.

இதற்கு அரசுகள் வழக்கமாகக் கையாளும் மருந்து மேம்பாலம். பல்லாவரத்தில் 2020-இலும் மேடவாக்கத்தில் 2022-இலும் மேம்பாலங்கள் திறக்கப்பட்டன. அந்தந்தச் சந்திப்பில் காத்திருப்பு குறைந்தது உண்மையே. ஆனால் ஒரு சந்திப்பை வேகமாகக் கடந்த வாகனங்கள் அடுத்த சிக்னலில் முன்னைவிட விரைவாகச் சென்று குவிகின்றன. அத்துடன், சாலை சற்று இலகுவானதும் அதுவரை ரயிலில் சென்றவர்களும் நேரத்தை மாற்றிக்கொண்டவர்களும் தங்கள் வண்டிகளை வெளியே எடுக்கின்றனர். போக்குவரத்து அறிஞர்கள் இதைத் தூண்டப்பட்ட தேவை என்பர், அதாவது வசதியைக் கூட்டியதாலேயே பிறக்கும் புதிய பயணங்கள். மேம்பாலமே கூடாது என்பது இதன் பொருளன்று. ரயில்வே கேட்டை நீக்கும் பாலம் பேருந்துக்கும் ஆம்புலன்சுக்கும் சேர்த்தே பயன்படுவதால், சாலைச் சந்திப்பின் மேல் கட்டப்படும் பாலத்தைக் காட்டிலும் அதற்கே முன்னுரிமை தருவது பொருத்தம். நடைமுறையில் தண்டவாளத்தின் மேல் வரும் பகுதியை ரயில்வேயும் இருபுறத்து அணுகு பகுதிகளை மாநில நெடுஞ்சாலைத் துறையும் கட்ட வேண்டியிருப்பதால், அத்தகைய வேலைகளே மிகவும் தாமதமாகின்றன.

சாலையின் கொள்ளளவைக் கணக்கிட, பொறியாளர்கள் எல்லா வாகனங்களையும் ஒரே அலகுக்கு மாற்றுவர். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளுக்கு வகுத்த அளவின்படி கார் 1 அலகு என்றால், இருசக்கர வாகனம் அரை அலகு, பேருந்து 3 அலகு. அறுபது பேர் ஒரு பேருந்தில் சென்றால் சாலையில் 3 அலகு இடம் போதும்; அதே அறுபது பேர் காருக்கு இருவராகச் சென்றால் 30 அலகு வேண்டும்; வண்டிக்கு ஒருவராக இருசக்கர வாகனத்தில் சென்றாலும் அதே 30 அலகுதான். நெரிசலுக்குக் காரைக் குறை கூறும் ஸ்கூட்டர்காரர்கள் இந்தக் கணக்கை விரும்பமாட்டார்கள்.

ஆயினும் அந்த அறுபது பேர் பேருந்துக்கு வராமைக்குத் தக்க காரணம் உண்டு. ஒரு லட்சம் மக்களுக்கு 60 பேருந்துகள் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகம் நல்ல சேவைக்கு வைத்த அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரத் தொகுப்பின் மக்கள்தொகை சுமார் 87 லட்சமாக இருந்ததால், அப்போதைய கணக்குக்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவையோ மூவாயிரத்துச் சொச்சம். எண்ணிக்கையைவிடப் பயணியை அதிகம் வாட்டுவது ஒழுங்கின்மை. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே பேருந்துகள் நெரிசலில் சிக்கி இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், கழகத்தின் செலவு மாறாமலே காத்திருப்பு பத்து நிமிடமாகிறது. போதாக்குறைக்கு முன்னால் வரும் பேருந்தில் படிக்கட்டு வரை கூட்டம் தொங்க, பின்னால் வருவது காலியாக ஓடுகிறது. மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் தொடங்கியபின் பேருந்தின் தேவை கூடியிருக்கும் நிலையில், இந்தச் சீர்கேடு முதலில் பாதிப்பது வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் பெண்களையே.

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால் இதன் இன்னொரு பக்கம் புலப்படும். நடைமேம்பாலத்திலிருந்து இறங்கும் கூட்டம் நேரே சாலையில் கால் வைக்கிறது. நிறுத்தத்தின் முன்பகுதியை ஷேர் ஆட்டோக்கள் அடைத்து நிற்பதால் பேருந்து ஓரம் கட்ட இயலாமல் இரண்டாம் வரிசையில் நிற்கிறது. பயணிகள் அதை நோக்கி ஓட, பின்னால் வரும் வாகனங்கள் யாவும் தேங்குகின்றன. ஷேர் ஆட்டோக்காரர்களை விரட்டுவது இதற்குத் தீர்வாகாது. பேருந்து நுழையாத தெருக்களுக்கு ஆள் ஏற்றிச் செல்பவர்கள் அவர்கள்தாம். நிலையத்திலிருந்து வீடு வரையிலான அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு, கடைசி ரயில் வரும் நேரம் வரை சிற்றுந்து ஓடும் என்ற உறுதி கிடைத்தாலன்றி, சேலையூர்க்காரரும் முடிச்சூர்க்காரரும் ஸ்கூட்டரைக் கைவிடப்போவதில்லை.

இணைப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டடத்தை முதலில் எழுப்புவது இப்பகுதியில் பழகிப்போன வழக்கம். கோயம்பேட்டிலிருந்த தென்மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில் அமைந்த முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, அதன் எதிரிலேயே தண்டவாளம் சென்றும் அங்கே ரயில் நிலையம் இல்லை. மெட்ரோ பாதையோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. மதுரையிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்குபவர், மூட்டை முடிச்சுகளோடு நகருக்குள் செல்ல மறுபடியும் ஜி.எஸ்.டி. சாலையையே நம்ப வேண்டியிருந்தது. வேளச்சேரி வரை 2007-இல் வந்த பறக்கும் ரயிலின் கதையும் இதே போன்றதே: பரங்கிமலை வரையிலான எஞ்சிய ஐந்து கிலோமீட்டருக்கு 2008-இல் பணி தொடங்கியும், ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலத்தின் மீதான வழக்குகளால் அது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுபட்டது. மின்சார ரயிலும் மெட்ரோவும் சந்திக்கும் பரங்கிமலையில் மூன்றாவதாக அதுவும் வந்து சேர்வதே, தாம்பரத்துக்காரர் வேளச்சேரிக்கும் தரமணிக்கும் ரயிலிலேயே செல்வதற்கான வழி.

இவற்றையெல்லாம் ஒரே குடையின்கீழ்த் திட்டமிட, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே இயற்றப்பட்டும், அதன் முதல் கூட்டம் 2022-இல்தான் நடந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்க உதவும் ‘சென்னை ஒன்’ 2025 செப்டம்பரில் வெளிவந்தது அதன் கண்கூடான பயன். சீட்டு ஒன்றானாலும் கால அட்டவணைகள் இன்னும் தனித்தனியே வகுக்கப்படுகின்றன. ரயில்வே மத்திய அரசிடமும் பேருந்து மாநிலத்திடமும் நடைபாதை மாநகராட்சியிடமும் இருப்பதால், ரயில் வந்த ஐந்து நிமிடத்தில் சிற்றுந்து புறப்பட வேண்டும் என்ற எளிய ஏற்பாட்டுக்கும் மூன்று அலுவலகங்கள் ஒப்ப வேண்டும்.

பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்குவது பற்றியும் பேச்சு எழுவதுண்டு. தில்லியில் 2008-இல் அமைந்த அத்தகைய தடம், கார் உரிமையாளர்களின் எதிர்ப்பாலும் வடிவமைப்புக் குறைகளாலும் 2016-இல் அகற்றப்பட்டது. அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய ‘ஜன்மார்க்’ என்னும் பேருந்துத் தடமோ நிலைத்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலை முழுவதிலும் அதை முயல்வது இப்போதைக்கு மிகை. சாலையோரம் நிறுத்தப்படும் வாகனங்களை அகற்றி, குரோம்பேட்டைக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே காலை, மாலை உச்ச நேரங்களில் மட்டும் இடது ஓரத்தைப் பேருந்துக்கு விடுவது குறைந்த செலவில் செய்து பார்க்கத்தக்கது. பயனில்லையெனில் பலகைகளைக் கழற்றிவிட்டால் போதும், ஒரு தூணையும் இடிக்க வேண்டியிராது.