இளம் நாயும் முதல் ஓட்டமும்

ஓட்ட நாய்க் குட்டி ஒன்றை வாங்கி வளர்க்கும் எவரும், ஆறு மாதம் கழிவதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். "இதை எப்பொழுது முயலுக்கு விடலாம்?" என்பதே அக்கேள்வி. உச்சிப்புளி வட்டாரத்தில் தென்னந்தோப்பும் பனங்காடும் ஆட்டுக் கிடையும் உடைய அங்கத்தினர்களுக்கு நாய் வெறும் பொழுதுபோக்கு அன்று. அது இரவுக் காவலாள். அதற்கு ஊற்றும் பாலும், கிண்டிப் போடும் கேழ்வரகுக் கூழும் குடும்பக் கணக்கில் ஏறும் செலவுகளே. அவ்வாறு வளர்த்த குட்டி, நம் அவசரத்தினால் ஒரே காலைப் பொழுதில் முடமாகிப் போனால், நஷ்டம் வளர்த்தவருக்கு. வேதனை வாயில்லாப் பிராணிக்கு. ஆதலால் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை காண்போம்.

நம் பக்கத்து இனங்கள்

தென்பாண்டி நாட்டின் கரிசல் காடுகளிலும் செம்மண் மேடுகளிலும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டுவரும் ஓட்ட நாய்கள் சிப்பிப்பாறையும் கன்னியும் ஆகும். மெலிந்த உடல், நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, கூரிய முகம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். மோப்பம் பிடித்துத் தேடுவதைக் காட்டிலும், கண்ணால் கண்டதைக் காற்றாய்த் துரத்துவதே இவற்றின் இயல்பு. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர். கருமேனியும் செம்பழுப்புக் கால்களும் உடையதைக் கன்னி என்பர். இராஜபாளையம் நாயோ வெண்ணிற மேனியும் கனத்த உடற்கட்டும் உடையது. வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது.

இந்நாய்களுக்கு இப்பொழுது நாட்டளவில் மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது.

சீமையின் விப்பெட்

நம் சிப்பிப்பாறைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க நாய் இங்கிலாந்தில் உண்டு. அதன் பெயர் விப்பெட். ஆண் நாய் தோள் வரை 47 முதல் 51 சென்டிமீட்டர் உயரமே இருக்கும். எனினும் மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் பாய வல்லது. இதை வளர்த்துப் பேர் வாங்கியவர்கள் பிரபுக்கள் அல்லர். வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் பஞ்சாலைத் தொழிலாளருமே ஆவர். வாரம் முழுவதும் உழைத்த அவர்கள், ஓய்வு நாளில் 200 கஜ நீளமுள்ள நேர்ப்பாதையின் ஒரு முனையில் நாயை ஒருவர் கையில் பிடித்திருக்கச் செய்து, மறுமுனையில் நின்று பழந்துணி ஒன்றை வீசிக்காட்டி அழைப்பர். நாய் அந்தத் துணியைக் கவ்வப் பறந்து வரும். அங்கிருந்து மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆலைகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் தம் நாயையும் உடன் கொண்டு சென்றதனால் இவ்வினம் அமெரிக்காவிலும் பரவியது. நெசவுத் தொழில் செய்யும் நம் அங்கத்தினர்கள் அந்தக் கந்தல் துணியை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

முயலிலும் இரண்டு வகை

விப்பெட் துரத்துவது குழிமுயல். அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாய் வாழ்வது. குட்டிகள் மயிரின்றிக் கண் திறவாமல் பிறக்கும். ஆபத்துக் கண்டால் வளையை நோக்கி ஒரே பாய்ச்சல். ஆகவே அதைத் துரத்தும் நாய்க்குச் சில விநாடி வேகம் போதும். நம் காட்டு முயல் அவ்வாறன்று. அது வளை தோண்டுவதில்லை. புதரடியில் சிறு பள்ளத்தில் பகலெல்லாம் படுத்திருந்து இரவில் மேயும். குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கின்றன. துரத்தினால் புகுவதற்கு வளை இல்லாமையால் வெகுதூரம் ஓடும். ஓட்டத்தின் நடுவே சட்டென்று திரும்பி வளைந்து வளைந்து தப்பும். அத்திருப்பங்களில்தான் பின்தொடரும் நாயின் முன்னங்கால் மூட்டும் தோளும் முறுக்குண்டு சேதமடைகின்றன. சீமை நாய்க்குச் சொல்லும் கணக்கு நம் நாய்க்கு அப்படியே பொருந்தாமைக்கு இது ஒரு காரணம்.

சட்டம் சொல்வது

இனி, எந்த வயதானாலும் நாம் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு, உரிமச் சீட்டுப் பெற்று வேட்டையாடும் வழக்கமும் ஒழிந்தது. நாயை ஏவித் துரத்துவதும், அதற்கு முயல்வதும் கூட 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடங்கும். பிடித்தது ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்ப இயலாது. சிறையும் அபராதமும் உண்டு. வண்டியும் கருவிகளும் பறிமுதலாகலாம். தை மாதத்திலும் சிவராத்திரியை ஒட்டியும் கூட்டமாகப் புறப்படும் பாரிவேட்டைக்கும் இச்சட்டம் விலக்கு அளிக்கவில்லை.

"காட்டு முயல் வேண்டாம், சந்தையில் வாங்கிய வளர்ப்பு முயலை அவிழ்த்துவிட்டுப் பழக்கலாமே" என்று சிலர் நினைக்கக்கூடும். கேளிக்கைக்காக ஒரு பிராணியை அடைத்து வைத்து மற்றொன்றுக்கு இரையாக்குவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆக, அவ்வழியும் அடைபட்டதே. விப்பெட்டின் தாயகத்திலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் காட்டு முயலை நாய் விட்டுத் துரத்துவதைத் தடை செய்தது. நில உடைமையாளரின் இசைவோடு குழிமுயலைப் பிடிப்பதற்கு மட்டுமே அங்கு இடமுண்டு.

அப்படியானால் ஓட்ட நாய் எதற்கு? தோப்புக் காவலுக்கும், கிடைக் காவலுக்கும், துணியைத் துரத்தும் பந்தயத்திற்கும்தான். கருநாடகத்தின் முதோல் நாய்களை 2016-ஆம் ஆண்டில் இராணுவம் மீரட்டிலுள்ள தன் மையத்திற்கு எடுத்துச் சென்று பயிற்றுவித்தது. வேட்டை நின்றாலும் இனம் அழிய வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. வேலை மாறியது; ஆனால் "எப்பொழுது ஓட விடலாம்?" என்ற கேள்வி மாறவில்லை.

எலும்பின் வயது

ஆறு மாதக் குட்டி உயரத்தில் ஏறக்குறைய முழு நாயாகிவிடும். நாலாம் மாதம் முதல் ஏழாம் மாதத்திற்குள் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துவிடும். இவற்றைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். கால் எலும்புகளின் நுனியில், மூட்டுக்கு அருகே, வளர்ச்சிக்குரிய மெல்லிய குருத்து இருக்கிறது. எலும்பு நீள்வது அவ்விடத்தில்தான். உடலில் எளிதில் நசுங்குவதும் அவ்விடமே. அது அடிபட்டால் கால் கோணலாகவோ குட்டையாகவோ நின்றுவிடலாம். அக்குருத்து முழுதும் எலும்பாகி இறுகுவதற்குச் சிறிய நாய்க்கு ஏறத்தாழ ஓர் ஆண்டும், பெரிய நாய்க்கு அதற்கு மேலும் ஆகும். பசை காயாத பாவைத் தறியில் ஏற்றினால் இழை அறும் என்பது நெசவாளர்க்குத் தெரியும். எலும்பும் அப்படித்தான்.

அமெரிக்காவில் பொம்மை முயலைத் துரத்தும் போட்டிக்கு ஓராண்டு நிரம்பாத நாயைச் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் பந்தய கிரேஹவுண்டுக்குப் பதினைந்து மாதம் நிரம்ப வேண்டும். விப்பெட்டைவிட உயரமான நம் நாய்களுக்கும் இதையே அளவாகக் கொள்ளலாம்: பன்னிரண்டு மாதத்திற்கு முன் வேக ஓட்டம் வேண்டாம், பதினைந்து மாதத்திற்கு முன் திருப்பங்கள் உள்ள முழு ஓட்டம் வேண்டாம். ஐயமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குருத்து இறுகியதா இல்லையா என்பது விளங்கும்.

அதற்காகக் குட்டியைச் சங்கிலியில் கட்டிப்போட வேண்டுமென்பதில்லை. தானே ஓடித் தானே நிற்கும் விளையாட்டு, வளரும் எலும்புக்கு நன்மையே செய்யும். தீமை தருவது, நிற்க விரும்பும்போதும் நிற்க முடியாத ஓட்டமே. மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிற்றில் கட்டி ஓட்டும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும்.

வயதுக்கு அப்பால் நான்கு சோதனைகள்

வயது மட்டும் போதாது. முதலாவது, கூப்பிட்டால் வர வேண்டும். வீட்டு முற்றத்தில் வருவது பெரிதன்று. வேறு நாய் ஓடும்போதும், காக்கை எழும்போதும் பெயர் சொன்னவுடன் திரும்ப வேண்டும். இரண்டாவது, ஆட்டு மந்தையின் ஊடேயும் கோழிகளின் நடுவேயும் கயிறு தளர்ந்த நிலையில் அமைதியாய் நடக்க வேண்டும். துரத்தும் ஆசையை எழுப்பிவிட்டபின் அடக்கம் கற்பிப்பது கடினம். அண்டை வீட்டார் ஆட்டுக்குட்டியைக் கடித்த நாயால் வரும் பகை, நாய் செத்த பின்னும் தீராது. மூன்றாவது, தொடையிலும் முதுகின் பின்பகுதியிலும் தசை திரண்டு, விலா எலும்புகள் இலேசாகத் தெரியும் அளவில் உடல் இருக்க வேண்டும். எலும்பு துருத்தும் மெலிவும் ஆகாது, கொழுப்பும் ஆகாது. நான்காவது, உள்ளங்கால் இறுகி, நகங்கள் அளவாய்த் தேய்ந்திருக்க வேண்டும். பெட்டை நாயாயின், பருவ காலத்திலும் அதை ஒட்டிய வாரங்களிலும் கடும் ஓட்டம் கூடாது.

முதல் ஓட்டம்

இங்கேதான் இங்கிலாந்துத் தொழிலாளரின் கந்தல் துணி நமக்கு உதவுகிறது. தறியில் கழிந்த துணித் துண்டு ஒன்றை நீண்ட கயிற்றில் கட்டுங்கள். கல்லும் வேரும் இல்லாத, மிக ஆழமாகப் புதையாத மணல் தரையில், ஒருவர் நாயைப் பிடித்திருக்க, மற்றவர் துணியை நேராக இழுத்து ஓடட்டும். முதலில் முப்பது கஜம் போதும். இரண்டு அல்லது மூன்று முறை. ஒவ்வொரு முறையும் துணியை நாய் கவ்வும்படி விடுங்கள். ஆசை தீருமுன் நிறுத்திவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதுமானது. கிடைக்காததையே துரத்தித் துரத்திக் களைத்த இளம் நாய், மனம் ஒடிந்து ஓட்டத்தையே வெறுக்கும். முதிர்ந்த நாயோடு சேர்த்து விடுவதும் தொடக்கத்தில் வேண்டாம். மோதல் ஏற்பட்டால் கால் முறியலாம். மறுநாட் காலையில் அது எழும் விதத்தைக் கவனியுங்கள். விறைத்து எழுந்தாலும் நொண்டினாலும், நேற்றைய ஓட்டம் மிகுதி என்பதே பொருள்.

வெயிலும் முள்ளும் கடற்கரையும்

நம் கடற்கரை வெயில் ஓட்ட நாய்க்கு எமன். ஓட்டத்தைச் சூரியோதயத்திற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தீனி தின்று மூன்று நான்கு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். வயிறு நிரம்ப ஓடும் நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 105 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஓயாத இரைப்பும், நூல் போல் ஒழுகும் கெட்டி எச்சிலும், சிவந்த ஈறும், தள்ளாட்டமும் கண்டால், உடனே நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நம் மாவட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் முள் உள்ளங்காலில் முறிந்து தங்கிவிடும். ஓட்டம் முடிந்ததும் விரலிடுக்குகளைத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாக் கரை மணலில் கடலாமைகள் முட்டையிடும் காலத்தில் நாயை அவிழ்த்துவிடலாகாது. முட்டைக் குழியைத் தோண்டும் பழக்கம் எளிதில் பற்றிக்கொள்ளும். கடலாமையும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதே. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் சொல்லும் நாட்களில் மீண்டும் மீண்டும் போடுவதும் ஓட்டத்திற்கு முந்தைய கடமை.

கூடிச் செய்யத்தக்கவை

இவற்றுள் பலவற்றைத் தனித்தனியே செய்வதைவிட அங்கத்தினர்கள் சேர்ந்து செய்வது எளிது. நாலைந்து பேர் கூடினால் கால்நடை மருத்துவரை ஒரே நாளில் வரவழைத்து எல்லா நாய்க்கும் ஊசி போட்டுக்கொள்ளலாம். தரிசாய்க் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில் முள்ளைக் களைந்து ஓட்டப் பாதை அமைத்துக்கொள்ளலாம். குட்டி பிறந்த தேதியை எழுதி வைப்பது எல்லாவற்றிலும் முக்கியம். பிறந்த நாள் தெரியாத குட்டிக்கு வயதைக் கூட்டிச் சொல்லத் தோன்றும். குறைத்துச் சொல்ல எவருக்கும் தோன்றாது.

தென்னம்பிள்ளை நட்டவர் மறு ஆண்டே குலை தேடுவதில்லை. குட்டி நாய்க்கு நாம் தரவேண்டிய பொறுமை ஒன்றேகால் ஆண்டுதான். அதைத் தந்தவருக்கு, பல ஆண்டுகள் கால் தளராமல் தோப்பைச் சுற்றிவரும் துணை கிடைக்கும்.